பிக்கப் அக்கா

விழுப்புரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நடத்துகிறேன். போன வாரம் 'பிக்கப்' பாடம் வந்தது. ஒரே சொல்லுக்குப் புத்தகத்தில் ஒன்பது பொருள் போட்டிருந்தார்கள். கீழே கிடப்பதை எடுப்பது, ஒருவரை வண்டியில் போய் ஏற்றிக்கொள்வது, போனை எடுப்பது, ஒரு பாஷையைக் காதால் கேட்டே கற்றுக்கொள்வது, நோயிலிருந்து தேறுவது என்று பட்டியல் நீண்டது. எல்லாவற்றுக்கும் உதாரண வாக்கியம் உண்டு. எல்லா வாக்கியத்திலும் ஜான் என்று ஒருவன். முதலில் குடையை எடுத்தான். அடுத்த வரியில் ரயிலடிக்குப் போய் மேரியைக் கூட்டிக்கொண்டு வந்தான். அதற்கடுத்த வரியில் மூன்றே மாதத்தில் பிரெஞ்சு கற்றுக்கொண்டான். கடைசி பெஞ்சில் இரண்டு பையன்கள் புத்தகத்தில் இல்லாத பத்தாவது பொருளை நினைத்துக் கமுக்கமாகச் சிரித்தார்கள். அது எனக்கும் தெரியும், முறைத்துவிட்டு மேலே நடத்தினேன்.

ஆனால் எனக்குப் பாடத்தில் மனம் நிற்கவில்லை. அந்த ஒன்பதையும் ஒரே ஆள் செய்து நான் பார்த்திருக்கிறேன். அவர் ஜான் இல்லை. ஒலக்கூர் கூட்டு ரோட்டில் தினமும் காலை ஏழேகாலுக்கு வந்து நிற்கும் ஒரு கம்பெனி வேனை ஓட்டிய அக்கா.

பிளஸ் டூ முடித்ததும் காலேஜுக்கு வழியில்லாமல், செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுப் படிக்கப் போவது என்று எனக்குள் ஒரு கணக்கு. வேன் விழுப்புரத்தில் கிளம்பி, விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு, திண்டிவனம், சாரம் என்று பெண்களை ஏற்றிக்கொண்டு ஒலக்கூருக்கு வரும். மொத்தம் பதினெட்டுப் பேர். என் பெயர் மஞ்சுளா, ஆனால் அக்காவுக்கு முதல் மாதம் வரை நான் 'ஒலக்கூரு'. விக்கிரவாண்டியில் ஏறும் கல்பனா 'டோல்கேட்டு'. கடைசியாகத் தொழுப்பேட்டில் ஏறும் அமுதா 'கடசி'. நாங்களும் பதிலுக்கு அவரைப் பிக்கப் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவருடைய சொந்தப் பெயர் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

நாற்பதைத் தாண்டிய, கறுத்து உயரமான ஆள். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை. வேன் சாவியை ஒரு சிவப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார். குரல் மட்டும் ஆளைவிட ஒரு பங்கு பெரியது. 'பிக்கப்' என்பது அவர் வாயில் எந்நேரமும் கிடக்கும் சொல். வேனுக்குச் செங்கல்பட்டு மேம்பாலத்தில் ஏற மூச்சு வாங்கும். "பிக்கப் இல்லம்மா இவளுக்கு, வயசாயிடுச்சு" என்பார். ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்து "ஏறு ராஜாத்தி, ஜல்தியா ஏறு" என்று கெஞ்சுவார். ராஜாத்தி ஏறுவாள்.

மற்ற வேன் டிரைவர்களை எனக்குத் தெரியும். டீக்கடையில் உட்கார்ந்துகொண்டே போனில் "வந்துட்டேன், வந்துட்டேன்" என்பார்கள். இந்த அக்கா ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. எப்போதாவது தவறிப்போய் நாங்கள் போன் போட்டால் முதல் மணியிலேயே எடுப்பார். "கூட்டேரிப்பட்டு தாண்டல. ஒனக்கு இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு. தல சீவிக்கினு வா." கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். முப்பத்தைந்து என்றால் முப்பத்தைந்துதான். ஒரு மனுஷி தன் வாயால் சொன்ன ஒரு எண்ணை இப்படிக் காப்பாற்ற முடியுமா என்று எனக்கு அப்போது பெரிய மலைப்பு. எங்கள் வீட்டில் யாரும் சொன்ன நேரத்துக்கு வந்ததே இல்லை.

தவறிப்போய் என்று சொன்னேன் அல்லவா, அதற்குக் காரணம் உண்டு. பட்டன் போன் காலம் அது. பேசினால் பேலன்ஸ் கரையும். அதனால் எங்களுக்குள் எல்லாமே மிஸ்டு கால்தான். வேன் கூட்டேரிப்பட்டு வந்ததும் என் போன் ஒரே ஒரு முறை அடித்து நிற்கும். வீட்டை விட்டுக் கிளம்பு என்று பொருள். ஊரிலிருந்து கூட்டு ரோட்டுக்கு இருபத்தைந்து நிமிஷ நடை. நான் திருப்பி ஒன்று விட்டால் வருகிறேன். இரண்டு விட்டால் இன்றைக்கு லீவு, நிற்க வேண்டாம். பதினெட்டுப் பேருக்கும் பதினெட்டு இடம். யாருக்கு எந்த இடத்தில் விடவேண்டும் என்பது அக்காவின் தலைக்குள் இருந்தது. போனைப் பக்கத்து சீட்டுக் கல்பனாவிடம் கொடுத்துவிட்டு, கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல், "சாரத்துக்கு ஒண்ணு உடு... இப்ப ஒலக்கூருக்கு உடு" என்று சொல்லிக்கொண்டே வருவாராம். யாரும் யாருடைய மிஸ்டு காலையும் எடுக்கக் கூடாது. எடுத்தால் அன்றைக்கு முழுக்க வசவு.

விக்கிரவாண்டி டோல்கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லாரிகள் பஞ்சராகி நிற்கும். உருளாமல் இருக்கச் சக்கரத்துக்கு அடியில் கல் வைப்பார்கள். வேலை முடிந்ததும் லாரி போய்விடும், கல் ரோட்டிலேயே கிடக்கும். அக்கா அதைப் பார்த்துவிட்டால் தீர்ந்தது. வேனை ஓரங்கட்டி, இறங்கிப் போய், கல்லைத் தூக்கிப் புதரில் வீசிவிட்டு வருவார் என்று கல்பனா தினமும் சலித்துக்கொள்வாள். ஒலக்கூருக்கு அந்தப் பக்கம் நானே நாலைந்து தடவை பார்த்தேன். "எடுக்க வேண்டியவன் எடுக்கணும்க்கா, நமக்கு எதுக்கு பேஜாரு" என்று கல்பனா ஒரு நாள் கேட்டே விட்டாள். அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "பின்னாடி பைக்குல ஒருத்தன் பொண்டாட்டி புள்ளயோட வந்துக்கினு இருப்பான். அவன் பேரு ஒனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டுக் கியரைப் போட்டார்.

திண்டிவனத்தில் ஒடிசாப் பெண்கள் இரண்டு பேர் ஏறுவார்கள். அவர்களுக்குத் தமிழ் வராது, எங்களுக்கு அவர்கள் பேசுவது புரியாது, சிரிப்போடு சரி. மூன்று மாதத்தில் அக்கா அவர்களை அவர்கள் பாஷையிலேயே திட்ட ஆரம்பித்தார். ஒரு நாள் அவர்களில் ஒருத்தி அம்மாவை நினைத்து அழுதபோது, முன்னால் பார்த்தபடி ஓட்டிக்கொண்டே நாலு வார்த்தை என்னவோ சொன்னார். அந்தப் பெண் அழுகையோடு சிரித்தாள். எப்படிக்கா கத்துக்கிட்டீங்க என்று கேட்டேன். "பின்னாடி பேசிக்கினே வருதுங்க. காது இருக்குது. பிக்கப் ஆயிடுச்சு" என்றார், சளி பிடித்ததைச் சொல்வது போல.

சாரத்துப் பெண் ஒருத்திக்கு மஞ்சள் காமாலை வந்து மூன்று வாரம் படுத்துவிட்டாள். அந்த மூன்று வாரமும் அவள் சீட்டு காலியாகவே வந்தது. பையைக்கூட வைக்க விடமாட்டார். சாரம் வந்ததும் வேனை நிறுத்தி, ரோட்டோரப் பெட்டிக்கடையில் "பிக்கப் ஆயிட்டாளா?" என்று கேட்பாராம். கடைக்காரர் கையை ஆட்டி இன்னும் இல்லை என்பாராம். வேன் கிளம்பும். தேறிவிட்டாள் என்று கடைக்காரர் சொன்ன அன்று அக்கா ஆரனை விடாமல் அடித்துக்கொண்டே போனார். எங்களுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

என் அண்ணன் பெட்ரோல் பங்கில் வேலை பார்த்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் போனை எடுத்து நோண்டினான். பெயர் போடாத ஒரு நம்பர். மனப்பாடம் ஆகிவிட்டதால் நான் சேமிக்கவே இல்லை. அந்த நம்பரிலிருந்து தினமும் ஒரே நேரத்துக்கு ஒரு மிஸ்டு கால், அடுத்த நிமிஷமே என்னிடமிருந்து ஒன்று. பட்டியலில் பேசிய கால் ஒன்றுகூட இல்லை. அண்ணனுக்கு மிஸ்டு காலுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரியும். அவனே ஒரு பெண்ணுக்கு அப்படி விட்டுக்கொண்டிருந்தவன்.

"யாருடி இவன்?"

"வேன் அக்காண்ணா."

"வேன்காரின்னா பேச வேண்டியதுதான? தெனம் உட்டுட்டு உட்டுட்டு கட் பண்றது இன்னா பழக்கம்?"

என் எதிரிலேயே அந்த நம்பரைப் போட்டான். எடுத்தது ஒரு ஆண். "அலோ, யாரு?" என்று கரகரத்த குரல் எனக்கே கேட்டது. என் உயிர் போய்விட்டது. அண்ணன் காலைத் துண்டித்துப் போனைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அதற்கு மேல் நான் சொன்ன எதுவும் யார் காதிலும் ஏறவில்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நிலத்தில் மல்லாட்டைச் செடி பிடுங்கிவிட்டு வந்த அப்பா கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சாயங்காலத்துக்குள் காணை கிராமத்தில் இருக்கும் மாமாவுக்குச் செய்தி போய், அடுத்த ஞாயிறு பெண் பார்க்க வருவது என்று முடிவாகிவிட்டது. வேலை கிடையாது, படிப்பு கிடையாது. பத்தொன்பது வயதில் என் கதை முடிந்ததாகத்தான் நினைத்தேன்.

திங்கள் காலை அண்ணன் சட்டைப் பையில் போன் ஒரு முறை அடித்து நின்றது. கூட்டேரிப்பட்டு. "பாத்தியாம்மா, மணி தவறாம அடிக்குது" என்று அம்மாவிடம் காட்டினான். நான் பின்கட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழேகால் ஆனது. ஏழரை ஆனது. வேன் தொழுப்பேடு தாண்டியிருக்கும் என்று நினைத்தபோது மனசு ஒரேயடியாக அடங்கிப்போனது.

அப்போதுதான் தெருவில் ஆரன் கேட்டது. எங்கள் தெருவுக்குள் டிராக்டரைத் தவிர எந்த வண்டியும் வந்ததில்லை. ராஜாத்தி இரண்டு பக்க வேலியையும் உரசிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நின்றாள். ஜன்னல் முழுக்க தலைகள். அக்கா குதித்து இறங்கினார்.

"இது மஞ்சு ஊடுதான? வணக்கங்ணா. ஒங்க பொண்ணு திருப்பி ஒண்ணும் உடல. அதான் இன்னா ஏதுன்னு பாக்க வந்தேன்."

அப்பா எழுந்து நின்றார். அண்ணன் முந்திக்கொண்டான். "அவ இனிமே வரமாட்டா. நீங்க கெளம்புங்க."

"அத அவ சொல்லட்டும் தம்பி. லீவுன்னா ரெண்டு உடுவா. வரேன்னா ஒண்ணு உடுவா. ஒண்ணுமே உடலன்னா இன்னா அர்த்தம்னு எனக்குத் தெரியல. தெரியாம நான் எப்பிடி வண்டிய எடுத்துக்கினு போறது?"

"ஓ, நீங்கதான் நடுவுல இருந்துக்கினு அவனுக்குத் தூது போறீங்களா?"

அக்காவுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு, "என் போன்ல இருக்கற ஒங்க நம்பர ஒரு ஆம்பளயோடதுன்னு சொல்றாங்கக்கா" என்றேன். அதற்குள் தெருவே கூடிவிட்டது. அக்கா தன் போனை எடுத்து ஒரு பட்டனை அமுக்கினார். அண்ணனின் சட்டைப் பை அடித்தது.

"இந்த நம்பர்தான தம்பி?"

"நேத்து ஆம்பள எடுத்தான்."

"மெக்கானிக்கு எடுத்திருப்பான். திண்டிவனத்துல வண்டிய உட்டுட்டு நான் அடியில படுத்துக்கினு இருந்தேன். கையெல்லாம் கிரீசு."

"இதையெல்லாம் நம்பறதுக்கு..." என்று அண்ணன் இழுத்தான். தெருவில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்தா அவனைப் பார்த்தா என்று தெரியவில்லை. எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அக்கா வேன் பக்கம் திரும்பினார். "எல்லாரும் எறங்குங்கடி. போன எடுத்துக்கினு வாங்க."

பதினாறு பெண்கள் நீலச் சட்டையோடு இறங்கினார்கள். என் வாசலில் வரிசையாக நின்று, ஒவ்வொருத்தியும் தன் போனைத் திறந்து அப்பாவிடம் நீட்டினாள். அப்பாவுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். அந்தப் போன்களில் வந்த காலுக்கும் போன காலுக்கும் சின்ன அம்புக்குறி இருக்கும். அப்பா கல்பனாவின் போனை வாங்கி வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு அம்பு, வெளியே ஒரு அம்பு. அதே நம்பர். ஒவ்வொரு நாளும். அடுத்த பெண்ணின் போனைப் பார்த்தார். அதற்கடுத்தது. ஒடிசாப் பெண்களுடையதையும் பார்த்தார். ஒன்றையும் விடவில்லை. பதினாறு போனும் பார்த்து முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரமும் அக்கா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நிமிஷத்தை எண்ணி வாழ்ந்த மனுஷி, எனக்காக அப்படி நின்றார்.

அப்பா அண்ணனிடம் கையை நீட்டினார். "போனக் குடு."

வாங்கி என் கையில் வைத்தார். "போய்த் துணி மாத்திக்கினு வா. பாவம், அத்தினி பொண்ணுங்க நிக்குதுங்க."

பெண் பார்க்கும் பேச்சு அதோடு நின்றது. வேனில் நான் அழுதுகொண்டே இருந்தேன். தொழுப்பேட்டில் காத்திருந்த அமுதாவுக்கு அக்கா முன்பே பேசி, தாமதமாகும், நில் என்று சொல்லியிருந்தார். கம்பெனிக்குப் போனபோது ஐம்பது நிமிஷம் தாமதம். கேட்டை மூடிவிட்டார்கள். பதினெட்டுப் பேருக்கும் அரை நாள் போனது. கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் வேனை நிறுத்தி, பத்து மணிக்கே டப்பாவைத் திறந்து சாப்பிட்டோம். கல்பனா மட்டும் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. "இவ ஒருத்திக்காக" என்று முணுமுணுத்தாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. அவள் வீட்டிலும் அரை நாளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

கம்பெனிக்கு வேன் விடும் கான்ட்ராக்டர் போன் மேல் போன் போட்டார். ஒவ்வொன்றையும் அக்கா முதல் மணியிலேயே எடுத்தார். எதிர்முனைக் கத்தல் எங்களுக்கே கேட்டது. "ஆமாங்க, நான்தாங்க உள்ள போனேன். யாரும் சொல்லல, நானாத்தான் போனேன்" என்பதை மட்டும் நாலைந்து தடவை சொன்னார்.

"என்னால ஒங்களுக்கு ரூட்டு போயிடப் போவுதுக்கா" என்றேன்.

"போனா போவுது. இன்னொரு ரூட்டு கெடைக்கும்." டப்பாவில் ஒட்டியிருந்த கேப்பைக் களியை வழித்துக்கொண்டே சொன்னார். "நீ ஏறாம ஒன் சீட்டு காலியாப் போனா, தெனம் கண்ணாடியில அதப் பாத்துக்கினு நான்தான ஓட்டணும்?"

ரூட் போய்விட்டது. சனிக்கிழமை சாயங்காலம் கூட்டு ரோட்டில் நான் இறங்கும்போது, "திங்கக்கெழமலேர்ந்து வேற ஆளு. நல்லா ஓட்டுவாரு" என்றார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையை மட்டும் ஆட்டினேன். வேன் பின்னால் வரும் பஸ்ஸுக்கு வழிவிட்டு நகர்ந்தது. அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. பாண்டிச்சேரிப் பக்கம் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார் என்று ஒரு முறை யாரோ சொன்னார்கள்.

திங்கட்கிழமை புதிய டிரைவர் வந்தார். மிஸ்டு கால் எதுவும் இல்லை. நேரத்துக்கு நிற்பேன், ஒரு நிமிஷம் பார்ப்பேன், எடுத்துவிடுவேன் என்று நான் ஏறும்போதே சொன்னார். கெட்டவர் இல்லை, வேலையை வேலையாகப் பார்க்கிறவர். தொழுப்பேடு வந்தது. ரோட்டோரத்தில் அமுதா இல்லை. ஒரு நிமிஷம் ஆனது. அவர் கியரைப் போட்டார்.

எழுந்தது நான்தான். அந்த வேனில் ஏழு மாதமாக யாரிடமும் குரலை உயர்த்தாதவள்.

"நிறுத்துங்கண்ணா. ஆள் வரணும்."

"டைம் ஆயிடுச்சும்மா. வரலன்னா நான் இன்னா பண்றது? கேட்டுல யாரு பதில் சொல்றது?"

கல்பனா முன் சீட்டில் இருந்தாள். அந்த ஒரு வாரமும் என்னிடம் பேசாதவள். கதவைத் திறந்து, ஒரு காலை ரோட்டில் ஊன்றினாள்.

"நாங்க சொல்லிக்கிறோம். நீங்க வண்டிய அணைங்க."

அவர் திரும்பி எங்கள் பதினேழு பேரையும் பார்த்தார். ஒடிசாப் பெண்கள்கூட எழுந்து நின்றிருந்தார்கள். சாவியைத் திருப்பினார், இன்ஜின் நின்றது. அமுதா லீவா, உடம்புக்கு முடியவில்லையா, வீட்டில் ஏதாவது நடந்துவிட்டதா, வழியில் ஓடி வந்துகொண்டிருக்கிறாளா, எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. ஊருக்குள் போகும் மண் பாதையைப் பார்த்தபடி பதினேழு பேரும் காத்திருந்தோம்.